வாங்குதலும் பேணுதலும்

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தரவேண்டுமென்று பழைய மாணவர் சங்கச் செயலாளர் கேட்டபொழுது, எதனை எழுதுவதென்று பல நாட்கள் யோசித்தேன். ஆசிரியர்களின் பெருமையையும், விளையாட்டுப் போட்டிகளையும், விடுதிச் சாப்பாட்டையும் பற்றி என்னோடு படித்த நண்பர்கள் என்னிலும் நன்றாக எழுதுவார்கள். ஆகவே என் வீட்டிலுள்ள ஒரு பழைய பியானோப் பெட்டியைப் பற்றி எழுதத் துணிந்தேன். கல்லூரி மலரிலே பியானோவுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் வினவலாம். சற்றுப் பொறுத்து இறுதிவரை வாசிப்பாராயின் தொடர்பு தானே விளங்கும்.

நான் 1972இல் கல்லூரியை விட்டு நீங்கினேன். 1979இல் இங்கிலாந்து சென்று, இலண்டனிலே கணக்காளனாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, 2012இல் ஓய்வு பெற்றேன். என் மனைவி கொழும்பிலே வளர்ந்தவள். சிறு வயதிலேயே மேனாட்டுப் பியானோ கற்றுப் பரீட்சைகளிலே தேறியவள். இலண்டனில் அயல் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு அவளே முதலாசிரியை. ஐம்பத்தைந்து வயதளவில் மூட்டுவாதம் அவளுடைய விரல்களைப் பற்றிக்கொண்டது. ஓராண்டு முயன்றாள், பின்பு ஒருநாள் மூடியைச் சாத்தினாள், அடுத்த மாதம் பியானோவை விற்றுவிடும்படி சொன்னாள். அந்த இடத்தில் ஒரு புத்தக அலுமாரி வந்தது. அதனைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவதில்லை.

நான் ஓய்வு பெற்ற ஆண்டிலே, இலண்டனின் மேற்கே பிரென்ற்போட் என்னும் இடத்திலுள்ள இசைக்கருவி நூதனசாலைக்கு அவளை அழைத்துச் சென்றேன். பிராங் ஹாலண்ட் என்பவர் 1963இல் தொடங்கிய நூதனசாலை அது. பழைய தானியங்கி இசைக்கருவிகள் பலவற்றை அங்கே இசைத்துக் காட்டுவார்கள். ஒருவர் பியானோ ஒன்றின் முன் அமர்ந்து, விரல்களைக் கட்டைகளில் வையாமலே, இரு கால்களாலும் மிதிகளை மாறி மாறி மிதித்து வாசித்தார். எல்லாரும் தாமே இறங்கி எழும் கட்டைகளைப் பார்த்தார்கள். என் மனைவி அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இதற்கு விரல் வேண்டியதில்லையே” என்று மட்டும் சொன்னாள். அன்றிரவே அத்தகைய பெட்டி ஒன்றை வாங்குவதென்று நான் தீர்மானித்துவிட்டேன்.

இக்கருவியின் இயல்பை இங்கே சிறிது விளக்குதல் வேண்டும். 1895இல் எட்வின் வோற்றி என்னும் அமெரிக்கர் இதன் முதல் வடிவத்தைச் செய்தார். அது பியானோவின் முன்னே தள்ளி வைக்கப்படும் தனிப்பெட்டி. கம்பளித்துணி பொதிந்த மரவிரல்கள் அதிலிருந்து நீண்டு கட்டைகளை அழுத்தும். ‘பியனோலா’ என்பது அதற்கு இடப்பட்ட வணிகப் பெயர். பின்னர் அதுவே இவ்வினத்திற்கெல்லாம் பொதுப்பெயர் போலாயிற்று. சில ஆண்டுகளில் அப்பொறி முழுவதும் பியானோவின் வயிற்றுக்குள்ளேயே புகுந்துவிட்டது. இசை, துளையிட்ட கடதாசிச் சுருளில் இருக்கும். சுருளின் அகலம் 11¼ அங்குலம். எண்பத்தெட்டுக் கட்டைகளையும் இசைக்கும் சுருளுக்கு ஒரே அளவு வேண்டுமென்று 1908இல் அமெரிக்காவின் பஃபலோ நகரிலே உற்பத்தியாளர் கூடி இசைந்தனர். அதனால் ஒருவர் செய்த சுருளை மற்றொருவர் பெட்டியிலும் இசைக்கலாம்.

கல்லூரியிலே காலைப் பிரார்த்தனைக்கு இசைத்த ஆர்மோனியப் பெட்டியை நம்மவர் மறந்திரார். அதன் துருத்தி காற்றை வெளியே தள்ளும். பியனோலாவின் துருத்தியோ காற்றை உள்ளிருந்து உறிஞ்சி அகற்றும். பித்தளைச் சட்டமொன்றில் வரிசையாய் உள்ள துவாரங்களின் மேல் கடதாசி ஊர்ந்து செல்லும். கடதாசியின் துளை சட்டத்தின் துவாரத்துக்கு நேரே வந்ததும் அதன் வழியே காற்றுப் புகும். மெல்லிய தோற்பை ஒன்று எழும்பி வால்வு ஒன்றைத் திறக்கும். உடனே அக்கட்டைக்குரிய சிறு துருத்தி சுருங்கிச் சுத்தியலைத் தந்தியில் அடிக்கச் செய்யும். இவை யாவும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நிகழ்ந்துவிடும். தானியங்கி என்ற பெயரால் மயங்குதல் கூடாது. வேகத்தையும் மென்மையையும் சிறு நெம்புகோல்களால் ஆளவேண்டும். அழுத்தத்தைக் கால்கள் தரவேண்டும். சுரங்களை மட்டுமே சுருள் அறியும். பாடலின் பாவத்தை மனிதன்தான் அறிவான்.

1923ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலே செய்யப்பட்ட பியானோக்களிற் பாதிக்கு மேற்பட்டவை இவ்வினத்தவை. பின்பு வானொலியும் நல்ல இசைத்தட்டும் வந்தன. 1929இல் உலகப் பொருளாதாரமும் வீழ்ந்தது. அதனோடு இக்கருவியின் செல்வாக்கும் வீழ்ந்தது. செய்யும் சாலைகள் மூடப்பட்டன. செய்தவர்கள் வேறு தொழில் நாடினர். இந்தச் செய்திகளையெல்லாம் வாங்குமுன்னே படித்து அறிந்திருந்தேன். ஆனால், செய்பவர் மறைந்தால் திருத்துபவரும் மறைவார் என்ற எளிய முடிவுக்கு என் புத்தி செல்லவில்லை.

2013ஆம் ஆண்டு கோடையில், நகரின் புறத்தே ஒரு கடையில், 1920களிற் செய்யப்பட்ட பெட்டி ஒன்றை ஆயிரத்து நூறு பவுணுக்கு வாங்கினேன். கடைக்காரர் இனிய சொல்லர். முதலாவது சுருதி கூட்டல் இலவசம் என்றார். ஓராண்டு உத்தரவாதம் என்றார். பின்பு எந்தச் சுருதிக்காரரும் இதனைப் பார்ப்பார் என்றார். நான் முப்பது ஆண்டுகள் பிறருடைய ஒப்பந்தங்களை வரிவரியாகப் படித்தவன். என் சொந்த ஒப்பந்தத்தை அன்று படிக்கவில்லை. நான்கு பேர் சுமந்து வந்து பெட்டியை வைத்தார்கள். புத்தக அலுமாரி மாடிக்குப் போயிற்று. என் மனைவி மிதிகளின் மேல் கால் வைத்தாள். சோப்பின் இசைத்த நாட்டியப் பாடலொன்று தட்டுத்தடுமாறி எழுந்தது. அவள் கண்ணீர் விடவில்லை, சிரித்தாள். எனக்கு அதுவே போதுமாயிருந்தது.

முதற் குளிர்காலம் வந்தது. வீட்டில் வெப்பமூட்டியை இரவும் பகலும் எரியவிட்டோம். காற்று வரண்டது, பியானோவின் ஒலிப்பலகை மரம் சுருங்கிற்று, சுருதி இறங்கிற்று. பத்துப் பன்னிரண்டு கட்டைகள் ஊமையாயின. மிதிக்கும்போது பாம்பு சீறுவது போன்ற ஓசை கேட்டது. முன்பு மெல்ல மிதித்த என் மனைவி இப்போது மூச்சு வாங்க மிதித்தாள்.

கடைக்காரர் வாக்களித்த இலவசச் சுருதிக்காரர் வந்தார். முன்பலகையைக் கழற்றினார், உள்ளே பார்த்தார், மீண்டும் பூட்டினார். சாதாரண பியானோவில் முறுக்காணிகள் எதிரே தெரியும். எங்கள் பெட்டியிலோ சுருள் ஓடும் கூடும் துருத்தித் தட்டும் அவற்றை மறைத்து நின்றன. “நான் பியானோவுக்குச் சுருதி கூட்டுபவன், இந்தப் பொறியில் கைவைத்து ஏதாவது முறிந்தால் யார் பொறுப்பு?” என்று கேட்டு விடைபெற்றார். அவர் கேட்டதும் நியாயமே. கடைக்காரருக்கு எழுதினேன். உத்தரவாதம் சட்டகத்துக்கும் தந்திகளுக்கும் மட்டுமே உரியது என்றும், தொண்ணூறு ஆண்டுகள் பழைய காற்றுப்பொறிக்கு எவரும் உத்தரவாதம் தரமாட்டார் என்றும் பதில் வந்தது. ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். அவ்வாறே அச்சிடப்பட்டிருந்தது.

அதன்பின் ஐந்து பேரைத் தொலைபேசியில் அழைத்தேன். பியனோலா என்ற சொல்லைக் கேட்டதுமே மூவர் மறுத்தனர். ஒருவர் அதனை எறிந்துவிட்டு மின்பியானோ வாங்கும்படி அறிவுரை கூறினார். ஐந்தாமவர் வருவதாகச் சொன்னார். அவர் கண்பார்வை அற்றவர்.

கண்பார்வையற்றோர் இத்தொழிலிற் சிறந்தமைக்கு நீண்ட வரலாறு உண்டு. பாரிசிலுள்ள பார்வையற்ற இளைஞர் கல்விச்சாலையிற் பயின்ற குளோட் மொந்தால் என்பவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே தாமாகவே பியானோவைக் கழற்றிப் பூட்டிக் கற்று, பிறருக்கும் கற்பித்து, 1836இல் இக்கலைபற்றி நூலும் எழுதினார். அவர் காட்டிய வழியிலே ஐரோப்பாவெங்கும் பார்வையற்றோர் பலர் தம் செவியால் வாழ்ந்தனர். எங்கள் வீட்டுக்கு வந்தவரும் அம்மரபினரே. அறுபதைக் கடந்தவர். கைகளால் பெட்டியைத் தடவி ஒவ்வொரு திருகாணியையும் இனங்கண்டு, சுருட் கூட்டைப் பதினைந்து நிமிடத்திற் கழற்றி எனது கையில் தந்தார். பார்வையுள்ளவர் அஞ்சி விலகிய இடத்தில் அவர் கை அச்சமின்றிச் சென்றது.

பியானோவிலே ஏறக்குறைய இருநூற்று முப்பது தந்திகள் உண்டு. தாழ்ந்த சுரங்களுக்கு ஒன்றோ இரண்டோ, ஏனையவற்றிற்கு மும்மூன்று. இவை அனைத்தும் சேர்ந்து இழுக்கும் இழுவை பதினெட்டுத் தொன் அளவில் இருக்கும். 1939இல் இலண்டனிற் கூடிய சர்வதேச மாநாடு, ‘ஏ’ என்னும் சுரத்துக்கு வினாடிக்கு 440 அதிர்வுகள் என்று பரிந்துரைத்தது. அதுவே இன்றைய பொது வழக்கு. எங்கள் பெட்டி அதற்கு ஏறக்குறைய அரைச்சுரம் கீழே கிடந்தது. ஒரே நாளில் அதனை மேலே இழுத்தால், ஒரு பக்கத்தைக் கூட்டும்போது மறுபக்கம் தளரும். துருப்பிடித்த தந்திகள் அறும். ஆகவே முதலிற் பருமட்டாக உயர்த்தி, சில கிழமைகள் ஆறவிட்டு, பின்பு மீண்டும் கூட்டவேண்டும் என்றார்.

அவர் வேலை செய்ததை அருகிருந்து கேட்டேன். இரண்டு சுரங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்து, அவற்றிடையே எழும் அலையை எண்ணினார். நமது தம்புராவிலே அலையே இல்லாமற் சேர்வதுதான் சுத்தம். பியானோவிலோ பன்னிரண்டு சுரங்களும் எல்லா இராகத்துக்கும் பொதுவாக நிற்கவேண்டியிருப்பதால், ஒவ்வொன்றும் சிறிது விட்டுக்கொடுக்கவேண்டும். நடுவிலுள்ள ஒரு பஞ்சமத்தில் நான்கு வினாடிக்கு மூன்று அலைகள் இருக்கும்படி அவர் விட்டுவைத்தார். அந்த விட்டுக்கொடுப்பின் அளவை அறிவதே தம் தொழில் என்றார்.

வேலை முடிந்ததும், உள்ளே பென்சிலால் எழுதிய தேதிகள் உண்டா என்று பார்க்கச் சொன்னார். விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். பலகையின் உட்புறத்தில், பல கையெழுத்துகளில், 1931 முதல் வரிசையாகத் தேதிகள் இருந்தன. யுத்த காலத்திற் சில ஆண்டுகள் விடுபட்டிருந்தன. இறுதித் தேதி 1958. அதன்பின் எதுவும் இல்லை. வந்து போன சுருதிக்காரர்கள் அடுத்து வருபவருக்காக எழுதிவைத்தவை அவை. “இன்றைய தேதியையும் எழுதிவிடுங்கள், நான் எழுத முடியாது” என்றார். நான் எழுதினேன். காற்றுப்பொறியைத் தாம் தொடுவதில்லை என்று கூறி, அதனை அறிந்த ஒருவரின் முகவரியைத் தந்து சென்றார்.

அந்த நிபுணரிடம் முறை கிடைக்கப் பதினான்கு மாதம் காத்திருந்தோம். அவர் வந்து தட்டைக் கழற்றி மேசையில் வைத்தபோதுதான் நோயின் முழு வடிவம் தெரிந்தது. சிறு துருத்திகளைப் போர்த்த றப்பர் பூசிய துணி விறைத்து வெடித்திருந்தது. றப்பர்க் குழாய்கள் தொட்டதும் நொறுங்கின. தோற்பைகள் காற்றைக் கசியவிட்டன. எல்லாவற்றினும் மேலாக ஒரு கொடுமையை அவர் காட்டினார். முன்னொரு காலத்தில் யாரோ ஒருவர் சில துருத்திகளைத் தற்காலத்து வெண்பசையால் ஒட்டியிருந்தார். அவற்றைப் பிரிக்க முயன்றபோது மரமே பிளந்தது.

ஆதியிற் செய்தவர்களோ, நமது தச்சர்கள் வச்சிரம் என்று சொல்லும் தோற்பசையால் ஒட்டியிருந்தார்கள். அது பலமாகப் பற்றும். ஆனால் வெந்நீரும் வெப்பமும் பட்டால் இளகி, மரத்துக்கு ஊறின்றி விட்டுக்கொடுக்கும். “துணி ஒருநாள் நைந்துபோகும் என்று அவர்களுக்குத் தெரியும். தமக்குப்பின் ஒருவன் வந்து திறப்பான் என்று எண்ணித்தான் அவர்கள் ஒட்டினார்கள். இவனோ தனக்குப்பின் எவரும் வரமாட்டார் என்று எண்ணி ஒட்டியிருக்கிறான்” என்றார் அந்த நிபுணர். அவர் சொன்னதை அன்று ஒரு தொழில் நுணுக்கமாகவே கேட்டுக்கொண்டேன்.

முழுவதையும் திருத்த நாலாயிரம் பவுண் ஆகும் என்றார். வாங்கிய விலையின் மூன்றரை மடங்குக்கு மேல். நான் கணக்காளன், உடனே விற்றுவிடலாம் என்றேன். என் மனைவி எதுவும் சொல்லவில்லை. அவள் முன்பு பியானோவின் மூடியைச் சாத்திய நாளிலும் இப்படித்தான் மௌனமாயிருந்தாள். ஆகவே நிபுணரிடம் வேறொரு வழி கேட்டேன். வால்வுகளையும் பெரிய துருத்தியையும் அவர் செய்வதென்றும், எண்பத்தெட்டுச் சிறு துருத்திகளையும் அவர் கற்பித்தபடி நான் செய்வதென்றும், அதனால் செலவைப் பாதியாக்குவதென்றும் உடன்பாடாயிற்று.

கல்லூரித் தச்சுவேலை வகுப்பில் நான் ஒருபோதும் தேறியவனல்லன். ஆனாலும் மாலைதோறும் பசையைக் காய்ச்சினேன், பழந்துணியை உரித்தேன், புதுத்துணியை அளந்து வெட்டி ஒட்டினேன். ஒவ்வொரு துருத்தியையும் கையால் அமுக்கி, அதன் துவாரத்தை விரலால் மூடினால், அது விரியாமல் அப்படியே நிற்கவேண்டும். விரிந்தால் எங்கோ கசிவு உண்டு, மீண்டும் உரிக்கவேண்டும். என் முதலாவது துருத்தியை நான்கு முறை உரித்தேன். என் மனைவி அருகிருந்து எண்ணிக்கையைக் குறித்தாள். 2016ஆம் ஆண்டு வைகாசியிலே பெட்டி மீண்டும் இசைத்தது. அதே நாட்டியப் பாடல், இம்முறை தடுமாற்றமில்லை. அவள் மெல்ல மிதித்தாள். உரத்து ஒலிக்கவேண்டிய இடத்தில் மட்டும் அழுத்தி மிதித்தாள். அடுத்த அறையிலிருந்து கேட்டால் முன்பு விரலால் வாசித்தவளே இப்போதும் வாசிக்கிறாள் என்று துணிந்து சொல்லலாம்.

இனி, கல்லூரிக்கும் இதற்கும் உள்ள தொடர்பைச் சொல்கிறேன். இதனைச் சொல்ல எனக்குச் சிறிது வெட்கமே.

2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின், பாதை திறந்திருந்த காலத்திலே, இலண்டனிலுள்ள எங்கள் வகுப்புத் தோழர்கள் சிலர் பணம் சேர்த்துக் கல்லூரிக்குப் பெரிய போட்டோப்பிரதி இயந்திரம் ஒன்றை அன்பளித்தோம். பணம் சேர்த்ததும் இயந்திரத்தைத் தெரிந்ததும் நானே. சிறிய விழா ஒன்று நடந்தது. எங்கள் பெயர்களைப் பித்தளைத் தகட்டிற் பொறித்து இயந்திரத்தின் மேலே சுவரிற் பதித்தார்கள். 2010இல் கல்லூரிக்குச் சென்றபோது, அவ்வியந்திரம் களஞ்சிய அறையின் மூலையிலே துணி போர்த்துக் கிடக்கக் கண்டேன். தகடு மட்டும் பளபளத்தது. வாங்கிய இரண்டாம் ஆண்டிலேயே பழுதாயிற்று என்றும், திருத்துபவர் கொழும்பிலிருந்து வரவேண்டியிருந்தது என்றும், அவருக்குக் கொடுக்கப் பணவசதி இல்லாதிருந்தது என்றும், 2006இல் பாதை மூடப்பட்டபின் மைத்தூளும் வரவில்லை என்றும் அதிபர் மரியாதையோடு சொன்னார். நான் தலையசைத்தேன். ஆயினும் மனத்துள்ளே, கொடுத்ததைப் பேணத் தெரியாதவர்கள் என்று குறைகூறிக்கொண்டே திரும்பினேன்.

ஆறு ஆண்டுகளின் பின், பசைச்சட்டியின் முன்னே குந்தியிருந்த ஒரு மாலையில், அந்தக் கடைக்காரரை மனத்துள் வைதுகொண்டிருந்தபோது, திடீரென்று அத்துணி போர்த்த இயந்திரம் நினைவுக்கு வந்தது. அவர் எனக்குச் செய்ததற்கும் நான் கல்லூரிக்குச் செய்ததற்கும் என்ன வேறுபாடு? அவரும் இனிய சொல் சொன்னார். நானும் விழாவிலே இனிய சொல் சொன்னேன். யார் திருத்துவார், எவ்வளவு செலவாகும், அதனை யார் கொடுப்பார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவராவது ஒப்பந்தத்தில் உண்மையை அச்சிட்டிருந்தார். அன்றிரவே அதிபருக்குக் கடிதம் எழுதினேன். முன்பு இருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஆகையால் மன்னிப்பைப் புதியவரிடமே கேட்கவேண்டியதாயிற்று.

அனுபவத்தால் அறிந்த சிலவற்றை இளைய மாணவர்களுக்கும் அன்பர்களுக்கும் கூற விரும்புகிறேன். ஒரு பொருளை வாங்குமுன், அதனைத் திருத்துபவர் யார் என்று தேடிக் கண்டுபிடியுங்கள். கூடுமாயின் பணம் கொடுக்குமுன்னே அவரை அழைத்துவந்து காட்டுங்கள். உத்தரவாதம் எந்த உறுப்புக்கு உண்டு, எதற்கு இல்லை என்று எழுத்திலே கேளுங்கள். விலையோடு பத்தாண்டுப் பராமரிப்பையும் கூட்டி, அதுவே உண்மையான விலை என்று கொள்ளுங்கள். வேலை செய்தவர் தேதியை எழுதிவைக்கட்டும். பியானோவாயின் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் விலக்கி, ஆண்டுக்கு இருமுறை சுருதி கூட்டுங்கள். பழுது தெரியுமுன்னே கூட்டுவதுதான் சிக்கனம்.

இந்த விழாக் காலத்திலே கல்லூரிக்கு அன்பளிப்புகள் பல வந்து குவியும் என்பதில் ஐயமில்லை. கணினிகளும், ஆய்வுகூடக் கருவிகளும், இசைக்கருவிகளும் வரும். பெயர்த் தகடுகளும் வரும். ஒவ்வொரு நூறு ரூபாவிலும் இருபது ரூபாவை ஒதுக்கி, பராமரிப்புக்கென்று தனி நிதியாக வங்கியில் இடவேண்டுமென்று சங்கத்தாரைப் பணிவோடு வேண்டுகிறேன். அந்நிதிக்குத் தகடு வேண்டாம். பெயர் சொல்லி யாரும் நன்றி கூறவும் வேண்டாம். அந்நிதிக்கு என் பங்கை இக்கட்டுரையோடு அனுப்பியிருக்கிறேன்.

பார்வையற்ற அப்பெரியவர் 2019இல் காலமானார். இப்பொழுது அவரிடம் பயின்ற இளம்பெண் ஒருத்தி வந்து சுருதி கூட்டிப் போகிறாள். அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும். ஆயினும் வேலை செய்யும்போது கண்களை மூடிக்கொள்கிறாள். ஒவ்வொரு முறையும் தேதியை அவளே எழுதுகிறாள். 1958க்குப் பின் வெறுமையாயிருந்த பலகையிலே இப்போது இடம் குறைந்து வருகிறது.

வாழ்க நமது கல்லூரி.